அந்தமானில் கடைசி மூன்று நாட்கள்: இருவராகச் சென்று திரும்புவோருக்கு ஒரு வழிகாட்டி

அந்தமானுக்குப் போய்ச் சேர்வதற்கான திட்டத்தை எல்லோரும் கவனமாகப் போடுகிறார்கள். திரும்பி வருவதற்கான திட்டத்தை நானும் அக்காவும் போட்டிருக்கவில்லை. ஹேவ்லாக் தீவிலிருந்து காலைப் படகில் கிளம்பினால், அன்று பிற்பகலே போர்ட் பிளேயரில் சென்னை விமானத்தைப் பிடித்துவிடலாம் என்பது எங்கள் கணக்கு. அது டிசம்பர் மாதம். அன்று காலை கடல் கொந்தளித்ததால் படகு புறப்படவில்லை. விமானம் எங்களை விட்டுவிட்டுப் பறந்தது. கூடுதலாக இரண்டு இரவுகளுக்கு அறை எடுத்தோம். புதிய விமானச் சீட்டுகளுக்கு, முதலில் கொடுத்ததைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு கொடுத்தோம். அக்காவும் நானும் ஒரு பகல் முழுவதும் பேசிக்கொள்ளாமல் இருந்ததைச் செலவுக் கணக்கில் சேர்க்கவில்லை.

இந்தியக் குடியுரிமை உள்ள இருவர், சென்னையிலிருந்து விமானத்தில் சென்று, ஹேவ்லாக்கிலோ நீல் தீவிலோ தங்கிவிட்டுத் திரும்பும் பயணத்தை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். தொடங்கும் முன் பெயர்களைப் பற்றி ஒரு சொல். ஹேவ்லாக் 2018 முதல் ஸ்வராஜ் தீவு, நீல் ஷஹீத் தீவு. போர்ட் பிளேயர் 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம். சீட்டுகளிலும் இணையதளங்களிலும் பழைய பெயர், புதிய பெயர் இரண்டும் கலந்து வரும். சீட்டில் வேறு ஊர்ப் பெயர் இருப்பதைப் பார்த்து, நாங்கள் செய்ததைப் போல இரவு பதினொரு மணிக்கு விடுதிக்காரரை எழுப்ப வேண்டாம்.

1. விமானத்திலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

முதலில் திரும்பும் விமானத்தின் நாளையும் நேரத்தையும் ஒரு தாளில் எழுதுங்கள். மற்ற எல்லாவற்றையும் அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட வேண்டும். விமானத்துக்கு முந்தைய இரவை நீங்கள் போர்ட் பிளேயரில்தான் கழிக்க வேண்டும். இந்த ஒரு விதியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் தளர்த்தாதீர்கள். விமானம் மாலையில்தானே, படகு காலையிலேயே வந்துவிடுகிறதே என்ற வாதம் தாளில் சரியாகத்தான் இருக்கும். எங்கள் தாளிலும் சரியாகத்தான் இருந்தது.

ஜனவரி முதல் ஏப்ரல் வரை கடல் பொதுவாக அமைதியாக இருக்கும் என்பதால், அம்மாதங்களில் ஓர் இரவு இடைவெளி போதும். மே மாதத்திலிருந்து டிசம்பர் வரை தென்மேற்குப் பருவமழை, வங்கக் கடல் புயல்கள், வடகிழக்குப் பருவமழை என ஒன்று மாற்றி ஒன்று வருவதால், அப்போது செல்வோர் ஒரு முழுப் பகலையும் இரண்டு இரவுகளையும் கைவசம் வைத்திருப்பது நல்லது. 2016 டிசம்பரில் மோசமான வானிலையால் படகுகள் நின்று, ஹேவ்லாக்கிலும் நீலிலும் நூற்றுக்கணக்கான பயணிகள் சிக்கிக்கொண்டபோது, கடற்படைக் கப்பல்கள் சென்றுதான் அவர்களை அழைத்து வந்தன. அத்தகைய நிலை அரிது என்றாலும், ஒரு நாள் படகு நிற்பது அரிதன்று.

ஞாயிறு காலை விமானம் என்று வைத்துக்கொள்வோம். கடல் அமைதியான காலத்தில் சனிக்கிழமை காலை அல்லது நண்பகல் படகு. மழைக்காலத்தில் வெள்ளிக்கிழமைப் படகு. எந்த நாளானாலும் அந்நாளின் கடைசிப் படகைத் தேர்ந்தெடுக்காதீர்கள். காலைப் படகு நின்றால் பிற்பகல் படகு என்ற வாய்ப்பு மிஞ்சும். கடைசிப் படகு நின்றால் மறுநாள்தான்.

2. படகுச் சீட்டு

ஹேவ்லாக்குக்கும் போர்ட் பிளேயருக்கும் இடையே தனியார் விரைவுப் படகுகளும் அரசுக் கப்பல்களும் ஓடுகின்றன. தனியார் படகுக்கு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் ஆகும்; நாங்கள் சென்றபோது ஒருவருக்கு 1,700 ரூபாய் அளவில் ஆயிற்று, மேல் வகுப்புக்கு அதைவிடக் கூடுதல். நேரடிப் படகா, நீல் வழியாகச் சுற்றி வருவதா என்று பார்த்து வாங்குங்கள். கப்பல் போக்குவரத்து இயக்குநரகம் நடத்தும் அரசுக் கப்பலில் கட்டணம் குறைவு, நேரம் கூடுதல். தீவுவாசிகளின் அன்றாடப் போக்குவரத்தே அதுதான் என்பதால் அவர்களுக்கு முன்னுரிமை உண்டு, அது நியாயமும்கூட.

திரும்பும் சீட்டைப் போகும் சீட்டோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள். அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், டிசம்பர் கடைசி வாரத்திலும் பொங்கல் விடுமுறையிலும் இருவருக்கு ஒரே படகில் இடம் கிடைக்காமல் போகலாம். வாங்கும்போது மூன்று செய்திகளைப் பாருங்கள்: இருவர் பெயரும் ஆதாரில் உள்ளபடியே இருக்கிறதா, ஒருவருக்கு எத்தனை கிலோ சுமை அனுமதி, படகை நிறுவனமே நிறுத்தினால் முழுப் பணமும் திரும்புமா என்பவை.

எந்தப் படகுத்துறை என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். போர்ட் பிளேயரில் தனியார் படகுகள் பெரும்பாலும் ஹாடோவிலும், அரசுக் கப்பல்கள் ஃபீனிக்ஸ் பே துறையிலும் நிற்கும். இரண்டும் வேறு வேறு இடங்கள். படகுத்துறையை அங்குள்ள தமிழர்களும் 'ஜெட்டி' என்றே சொல்வார்கள். "அந்த ஜெட்டிக்கா, இந்த ஜெட்டிக்கா?" என்று ஆட்டோக்காரர் கேட்கும்போது சிரிக்காமல் பதில் சொல்ல எங்களுக்கு இரண்டு நாள் பிடித்தது.

புறப்படும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகத் துறையில் இருங்கள். சீட்டுச் சரிபார்ப்பு, பை சோதனை, சுமையை ஒப்படைப்பது என மூன்று வரிசைகள் உண்டு. கடல் நோய்க்கான மாத்திரையைப் படகில் ஏறிய பின் விழுங்கிப் பயனில்லை. அரை மணி நேரம் முன்பே போட்டுக்கொள்ள வேண்டும்.

3. இருவரின் ஆவணங்கள்

இருவராகப் போகும்போது எல்லாவற்றையும் ஒருவரிடமே கொடுத்து வைப்பது வழக்கம். எங்கள் விஷயத்தில் அக்கா. அவர் கழிவறைக்குச் சென்ற பத்து நிமிடத்தில் கவுன்ட்டரில் என் முறை வந்துவிட, அடையாள அட்டை இல்லாமல் மீண்டும் வரிசையின் கடைசிக்குப் போனேன். ஒவ்வொருவரின் அசல் அட்டையும் அவரவர் கையிலேயே இருக்கட்டும்.

ஒவ்வொருவரும் தனித்தனியே வைத்திருக்க வேண்டியவை: அசல் ஆதார் அல்லது வாக்காளர் அட்டை, அதன் நகல் இரண்டு, படகுச் சீட்டின் அச்சுப் பிரதி, விமானச் சீட்டின் அச்சுப் பிரதி, இருவரின் பி.என்.ஆர். எண்களும் எழுதிய ஒரு துண்டுத் தாள். கைபேசியில் எல்லாம் இருக்கிறதே என்று கேட்கலாம். சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் 2020-இல் வந்த பிறகு போர்ட் பிளேயரில் இணையம் நன்றாகவே கிடைக்கிறது. ஆனால் ஹேவ்லாக்கின் விடுதிகளிலும் படகுத்துறையிலும், மழை நாளில் குறிப்பாக, ஒரு மின்னஞ்சலைத் திறக்கவே பொறுமை வேண்டும். இருவர் கைபேசியிலும் வெவ்வேறு நிறுவனத்தின் சிம் இருந்தால் ஒன்றில்லாவிட்டால் ஒன்று உதவும்.

இருவர் சீட்டும் வெவ்வேறு பி.என்.ஆரில் இருந்தால், அதை முன்பே விமான நிறுவனத்திடம் சொல்லி வையுங்கள். இல்லையேல் விமானம் மாற்றப்படும்போது ஒருவர் காலையிலும் மற்றவர் மாலையிலும் போகும்படி ஆகிவிடும்.

4. ஸ்கூபாவைக் கடைசிக்கு வைக்காதீர்கள்

சிறந்ததைக் கடைசியில் செய்யலாம் என்ற ஆசையில் பலரும் ஸ்கூபாவை, அதாவது காற்று உருளையோடு கடலில் மூழ்குவதை, கிளம்பும் நாளுக்கு முந்தைய நாளில் வைக்கிறார்கள். இது உடலுக்கே கேடானது. ஆழத்தில் அழுத்தப்பட்ட காற்றைச் சுவாசிக்கும்போது நைட்ரஜன் வழக்கத்தைவிடக் கூடுதலாக இரத்தத்திலும் திசுக்களிலும் கரைகிறது. அது மெல்ல மெல்லத்தான் வெளியேறும். அதற்குள் விமானம் ஏறினால், பறக்கும்போது விமானத்தின் உள்ளே காற்றழுத்தம் தரையில் இருப்பதைவிடக் குறைவு என்பதால், கரைந்த நைட்ரஜன் குமிழிகளாகி மூட்டு வலியிலிருந்து பக்கவாதம் வரை கொண்டு போய்விடக்கூடும்.

ஒரே ஒரு முறை மூழ்கியவர் குறைந்தது 12 மணி நேரமும், பல முறை அல்லது பல நாட்கள் மூழ்கியவர் குறைந்தது 18 மணி நேரமும் காத்திருக்க வேண்டும் என்பது மூழ்குவோர் பாதுகாப்பு அமைப்புகளின் பரிந்துரை. 24 மணி நேரம் என்று எல்லோருக்கும் பொதுவாக வைத்துக்கொண்டால் கணக்குப் பார்க்கவே வேண்டாம். தலைக்கவசம் மாட்டிக் கடலடியில் நடக்க வைக்கும் 'சீ வாக்'கிலும் நீங்கள் சுவாசிப்பது அழுத்தப்பட்ட காற்றைத்தான் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. அதையும் இதே கணக்கில் சேருங்கள். நீர்ப்பரப்பில் மிதந்து பார்க்கும் ஸ்நார்க்கலிங்குக்கு இந்தத் தடை இல்லை.

ஸ்கூபா நிறுவனத்திடம் முன்பணம் கட்டும் முன்பே விமான நாளைச் சொல்லிவிடுங்கள். மருத்துவப் படிவத்தில் ஆஸ்துமா, காது அறுவை சிகிச்சை, இரத்த அழுத்தம் ஆகியவற்றை மறைக்காதீர்கள். இருவரில் ஒருவருக்குச் சளி பிடித்திருந்தால் அவர் கரையில் இருக்கட்டும். துணைக்காகச் சேர்ந்து மூழ்குவது அன்பின் அடையாளம் ஆகாது, காது சவ்வுக்குத்தான் ஆபத்து.

5. ஹேவ்லாக்கில் கடைசி மாலை

இந்திய நேரத்தையே பின்பற்றினாலும் தீவுகள் வெகு கிழக்கில் இருப்பதால், குளிர்கால மாதங்களில் மாலை ஐந்தேகாலுக்கெல்லாம் இருட்டிவிடும். ராதாநகர் கடற்கரையில் சூரியன் மறைவதைப் பார்க்க விரும்பினால் நான்கு மணிக்கே அங்கே இருக்க வேண்டும். படகுத்துறையிலிருந்து அது ஏறத்தாழ 12 கிலோமீட்டர். திரும்பும் வழியில் தெருவிளக்குகளை நம்ப முடியாது.

வாடகை ஸ்கூட்டரில்தான் பெரும்பாலோர் சிக்கிக்கொள்கிறார்கள். நாளொன்றுக்கு 500 ரூபாய் அளவுக்குக் கிடைக்கும் ஸ்கூட்டருக்கு ஈடாகச் சில கடைகளில் அசல் ஓட்டுநர் உரிமத்தையோ ஆதாரையோ கேட்டு வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். காலை ஏழு மணிப் படகுக்கு நீங்கள் ஓடும்போது அந்தக் கடை திறந்திருக்காது. முடிந்தவரை அசலைக் கொடுக்காமல் பணத்தை ஈடாகக் கொடுங்கள். கொடுத்திருந்தால் முந்தைய மாலையே வண்டியை ஒப்படைத்து அட்டையைத் திரும்பப் பெறுங்கள். வண்டியை எடுக்கும்போது நான்கு பக்கமும் படம் பிடித்து வைத்திருந்தால், பழைய கீறலுக்குப் புதிய விலை கொடுக்க வேண்டியிருக்காது.

விடுதிக் கணக்கையும் அன்றிரவே முடியுங்கள். யு.பி.ஐ. பல இடங்களில் உண்டு, ஆனால் இணையம் நின்ற வேளையில் அதுவும் நின்றுவிடும், ஏ.டி.எம்.கள் சிலவே, அவற்றில் பணம் தீர்ந்திருப்பதும் உண்டு. கடைசி மூன்று நாளுக்காக இருவருக்கும் சேர்த்து 6,000 ரூபாயாவது ரொக்கமாக, இரண்டு பைகளில் பிரித்து வைத்திருங்கள். யார் எதற்குக் கொடுத்தார்கள் என்ற கணக்கையும் அன்று மாலையே, தேநீரோடு, தீர்த்துக்கொள்வது நல்லது. களைத்துப்போய் விமான நிலையத்தில் உட்கார்ந்து கணக்குப் பார்த்தால் நூறு ரூபாய்கூடப் பெரிதாகத் தெரியும்.

ஈரத் துணிகளைக் காய வைக்காமல் மடித்தால் சுமை இரண்டு மூன்று கிலோ ஏறும். உள்நாட்டு விமானங்களில் பொதுவாக ஒருவருக்கு 15 கிலோதான். கடைசி மாலைக்குப் பின் கடலில் இறங்குவதில்லை என்று இருவரும் முன்பே ஒப்புக்கொள்ளுங்கள். அக்கா ஒப்புக்கொண்டு, விடியற்காலையில் இறங்கினார்.

6. பையில் இருக்கக் கூடாதவை

கரையில் ஒதுங்கிக் கிடக்கும் பவளத் துண்டு உயிரற்றதுதானே, அதை எடுத்தால் யாருக்கு என்ன என்று தோன்றும். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் பாறை கட்டும் பவளங்கள் உள்ளன. இறந்த துண்டும் அதில் அடங்கும். கடல் குதிரை, கடல் அட்டை, கடல் விசிறி, ராட்சதச் சிப்பி உட்பட வேறு பலவும் காக்கப்பட்டவை. முதல் அட்டவணை உயிரினம் தொடர்பான குற்றத்துக்கு 3 முதல் 7 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. விமான நிலையச் சோதனையில் இவற்றை எக்ஸ்ரே திரையிலேயே கண்டுபிடித்துவிடுகிறார்கள், பழகிய கண்கள்.

அக்காவின் பையிலிருந்து, எனக்குத் தெரியாமல் கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்த நான்கு வெள்ளைத் துண்டுகள் வந்தன. அவற்றை வாங்கி வைத்துக்கொண்டு, நீண்ட அறிவுரைக்குப் பின் எங்களை அனுப்பினார்கள். அப்படி விடுவார்கள் என்று எண்ணி யாரும் எடுத்து வர வேண்டாம். கிளம்பும் முன் ஒருவர் பையை மற்றவர் சோதிப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். நம்பிக்கை இல்லாமல் செய்வதாக எண்ண வேண்டியதில்லை.

சிப்பி, சங்குப் பொருட்கள் வாங்கியே ஆக வேண்டுமென்றால் அரசின் சாகரிகா விற்பனையகம் போன்ற இடத்தில் வாங்கி, ரசீதைக் கைப்பையில் வையுங்கள். கொப்பரையை விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். எண்ணெய் மிகுந்தது என்பதால் அது எளிதில் தீப்பற்றும் பொருளாகக் கருதப்படுகிறது. பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும்.

7. போர்ட் பிளேயரில் கைவசமிருக்கும் பகல்

இடைவெளியாக வைத்த பகல் வீணாகிறதே என்று அதில் பாராடாங் சுண்ணாம்புக் குகைகளை நுழைக்காதீர்கள். ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில் உள்ள அந்த இடத்துக்கு விடிவதற்கு முன்பே கிளம்பி, ஜாரவா பழங்குடியினரின் காப்பகத்தின் வழியாகக் காவலோடு செல்லும் வாகன அணியில் குறித்த நேரத்தில் மட்டுமே போய்வர முடியும். திரும்பும் அணியைத் தவறவிட்டால் அந்த நாள் போயிற்று. செல்லுலார் சிறை, அபர்தீன் சந்தை, கார்பின்ஸ் கோவ் கடற்கரை ஆகியவை போதும். எல்லாம் நகருக்குள்ளேயே இருக்கின்றன. அறையை அபர்தீன் சந்தைப் பக்கம் எடுத்தால் உணவுக்குக் கவலை இல்லை. தமிழ் பேசும் கடைக்காரர்களும் இட்லியும் தெருவுக்குத் தெரு உண்டு. எங்களுக்கு இருவர் அறை 2,200 ரூபாய்க்குக் கிடைத்தது.

8. விமான நிலையம்

வீர் சாவர்க்கர் விமான நிலையம் சந்தையிலிருந்து நான்கு கிலோமீட்டருக்குள்தான். ஆட்டோவுக்கு 200 ரூபாய் கொடுத்தோம். கடற்படையும் பயன்படுத்தும் ஒரே ஓடுதளம் என்பதால் விமான நேரங்கள் மாற்றப்படுவதுண்டு; முந்தைய மாலையும் அன்று காலையும் நிறுவனத்தின் குறுஞ்செய்தியைப் பாருங்கள். இணையவழிச் செக்-இன் பொதுவாக 48 மணி நேரம் முன்பே திறந்துவிடும். இருவருக்கும் அடுத்தடுத்த இருக்கை வேண்டுமென்றால் நல்ல இணையம் இருக்கும்போதே முடித்து, போர்டிங் பாஸைப் படமாகச் சேமித்துவிடுங்கள். இரண்டு மணி நேரம் முன்பாகப் போய்ச் சேர்ந்தால் போதும்.

9. படகு நின்றுவிட்டால்

எங்கள் பெரிய தவறு, படகு புறப்படவில்லை என்றறிந்ததும் மூன்று மணி நேரம் துறையிலேயே காத்திருந்ததுதான். 'இன்னும் கொஞ்ச நேரத்தில் சொல்வார்கள்' என்று ஒருவர் சொல்ல, அதை இன்னொருவர் நம்ப, விமானத்தின் சீட்டை மாற்றக்கூடிய நேரம் கடந்துபோயிற்று. விமானம் புறப்படும் முன் நாளை மாற்றினால் மாற்றுக் கட்டணமும் விலை வேறுபாடும் மட்டுமே. புறப்பட்ட பின் அடிப்படைக் கட்டணம் முழுவதும் போய்விடும்.

ஆகவே அறிவிப்பு வந்த அடுத்த நிமிடமே இருவரும் வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒருவர் கைபேசியில் விமான நாளை மாற்ற வேண்டும். மற்றவர் அரசுக் கப்பல் கவுன்ட்டர் வரிசையில் நிற்க வேண்டும்; சிறிய படகுகள் நின்ற நாளில் பெரிய கப்பல் ஓடுவது உண்டு, துறைமுகத் தடை வந்துவிட்டால் எதுவும் ஓடாது. ஹெலிகாப்டரை நம்ப வேண்டாம். நோயாளிகளுக்கும் தீவுவாசிகளுக்குமே அதில் முதலிடம். போர்ட் பிளேயரிலிருந்து சென்னைக்குப் போகும் பயணிகள் கப்பலும் மாற்று வழி ஆகாது: மாதத்தில் சில முறையே புறப்படும், மூன்று நாள் ஆகும்.

அன்றிரவுக்கு அறையை உடனே உறுதி செய்யுங்கள். அதே படகை நம்பியிருந்த அத்தனை பேரும் அடுத்த ஒரு மணி நேரத்தில் அறை தேடுவார்கள். படகு நிறுத்தப்பட்டதற்கான குறுஞ்செய்தியை அழிக்காதீர்கள். முடிந்தால் கவுன்ட்டரில் எழுத்திலும் கேளுங்கள். பயணக் காப்பீடு எடுத்திருந்தால் அதுதான் முதல் சான்று.

ஊர் திரும்பியதும் இரண்டு விண்ணப்பங்கள் உண்டு. முதலாவது, படகுக் கட்டணம். எங்களுக்கு ஒன்பதாம் நாள் வங்கிக் கணக்கில் வந்தது. இரண்டாவது, பலருக்கும் தெரியாதது: பணம் திரும்பாத வகைச் சீட்டாக இருந்தாலும், பயணம் செய்யாதவருக்கு அரசு வரிகளையும் விமான நிலையக் கட்டணங்களையும் நிறுவனம் திருப்பித் தர வேண்டும் என்பது சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் விதி. நிறுவனத்தின் தளத்தில் இருவரின் பி.என்.ஆர். எண்களையும் தனித்தனியே பதிந்து கேளுங்கள். முகவர் வழியாக வாங்கியிருந்தால் அந்த முகவர் மூலமே பணம் வரும். அதற்கு நாங்கள் நான்கு முறை மின்னஞ்சல் அனுப்ப வேண்டியிருந்தது.